திரிபுரசுந்தரி, டெலவேர்

முருங்கைக்கீரையைக் கூடத்துக்குக் கொண்டுவந்து ஆய்வது திரிபுரசுந்தரியின் வழக்கமில்லை. கீரை என்றால் அடுப்படித் தரை, பின்கதவு வெளிச்சம், அவ்வளவுதான். இன்றைக்கு முறத்தைத் தூக்கிக்கொண்டு முன்கூடத்துக்கு வந்து, தெருவாசல் கண்ணில் படுகிற மாதிரி சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். மடியில் செல்போன். இட்லி வெந்துகொண்டிருந்தபோது வந்த செய்தி அதில் இருந்தது. உங்கள் பொருள் இன்று வந்து சேரும். இன்று என்றால் எப்போது என்று போடவில்லை. காம்பைப் பிடித்து உருவினால் இலைகள் சரசரவென்று முறத்தில் விழுந்தன, கூடவே காம்பும். காம்பைப் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பல்லில் மாட்டுகிறது என்பார் அவர். அவர், அவள் கணவர் தணிகாசலம், பின்கட்டில் பழைய ஸ்கூட்டரின் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் வாசனை கூடம்வரை வந்தது. கொதிகலன் ஆலையில் ஃபிட்டராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர், கை சும்மா இருக்காது. நடுவில் ஒரு தடவை தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர் அவளைப் பார்த்து நின்றார். "என்ன, கூடத்துல கடை போட்டுட்ட?" "இங்கதாங்க காத்து வருது." அவர் நிமிர்ந்து பார்த்தார். மின்விசிறி சுற்றவே இல்லை. செம்பை வைத்துவிட்டுப் போனார். அவள் எழுந்து மின்விசிறியைப் போட்டாள், இலையெல்லாம் பறந்தது, திரும்பவும் அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

சொல்லியிருக்கலாம். ஒரு சாமான் வாங்கியிருக்கேங்க, வெளிநாட்டுலேருந்து வருது என்று காபி கொடுக்கும்போது சொல்லியிருக்கலாம். திருடவில்லை, கடன் வாங்கவில்லை. சாயங்காலம் மொட்டைமாடிக் கொட்டகையில் பிள்ளைகளுக்கு ஹிந்தி சொல்லிக்கொடுத்து வருகிற அவளுடைய பணம். ஆனால் சொன்னால் அவர் ஒரு வாக்கியம் சொல்வார். அந்த வாக்கியம் அவளுக்குத் தெரியும், இத்தனை வாரமாக அவருடைய குரலிலேயே அவள் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. "அதுதான் பொட்டி நிறைய இருக்கே, என்கிட்ட கேட்டா தர மாட்டேனா?" தருவார். அதில்தான் சங்கடம். மாடிப்படிக்கு அடியில் பச்சை பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி, அதற்கு ஒரு பூட்டு, சாவி அவருடைய அரைஞாணில். ஸ்க்ரூடிரைவர் வேணுங்க என்றால் எதுக்கு என்பார். மிக்ஸி மூடி ஆடுது என்றால், வை, நான் பாக்கறேன் என்பார். ஞாயிற்றுக்கிழமை பார்ப்பார். பிரமாதமாகப் பார்ப்பார், இன்னொரு முறை அது ஆடாது, அவர் கை அப்படி. ஆனால் அவள் ஸ்க்ரூடிரைவர் கேட்டாள், ஸ்க்ரூடிரைவர் வரவில்லை, அவர் வந்தார். எப்போதும் அவர்தான் வந்தார். அதனால் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். குக்கர் கைப்பிடிக்கு எட்டணாக் காசு. மூக்குக்கண்ணாடித் திருகுக்கு நகவெட்டியின் நுனி. பிள்ளைகள் கொண்டுவரும் பைகளில் ஜிப் வாய் பிளந்தால் பல்லால் கடித்து நெருக்குவாள், பிராத்மிக் பரீட்சைக்குப் படிக்கிற சுட்டிகள் ஆவென்று பார்க்கும். கொண்டை ஊசியால் அவள் திறக்காத பூட்டு இந்தத் தெருவில் இல்லை. எதிர்வீட்டு கிரேஸ் டீச்சரின் பீரோ ஒரு முறை அடைத்துக்கொண்டு, அவர் சர்ச்சுக்குப் போகப் புடவை எடுக்க முடியாமல் அழாத குறையாக நின்றபோது யார் போய்த் திறந்தது? வீட்டுக்காரருடைய பச்சைப் பெட்டியா? அப்போது அவர் ஆலையில் இருந்தார், பெட்டி பூட்டி இருந்தது. கிரேஸ் டீச்சர், "இந்தக் கையில என்னமோ இருக்கு சுந்தரி" என்று உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கையில் என்ன இருந்தது, வளைந்துபோன ஒரு ஊசி இருந்தது.

அந்தச் சாமானை முதன்முதலில் பார்த்தது ரயிலில். கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பும்போது, கரூர் தாண்டி, மழை சாய்வாக அடித்துக்கொண்டு வந்தது. ஜன்னல் கதவு பாதியில் சிக்கி இறங்க மாட்டேன் என்றது. புடவை நனைந்து, சீட்டு நனைந்து, கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை நனைந்து. அவர் எழுந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார், பச்சைப் பெட்டி இல்லாத இடத்தில் அவரும் எல்லோரையும் போல ஒரு ஆள்தான் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது, தெரிந்ததும் பாவமாகவும் இருந்தது. "டி.டி.ஆரைப் பாத்துட்டு வரேன்" என்று அடுத்த பெட்டிக்குப் போனார். அவர் போனதும் எதிர் சீட்டில் இருந்த பெண் எழுந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம், ஆம்பளை மாதிரி ஷூ, பாறைகளை ஆராய்கிற வேலையாம், தாராபுரம் பக்கம் காட்டில் அலைந்துவிட்டு வருகிறாளாம். இடுப்பில் இருந்த தோல் உறையிலிருந்து என்னமோ எடுத்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற எஃகுத் துண்டு. டக். அது குறடு ஆனது. அந்த டக் என்ற சத்தம். கதவின் ஓரத்தில் மடங்கியிருந்த தகரத்தைக் குறட்டால் பிடித்து நிமிர்த்தினாள், இன்னொரு டக், ஒரு திருகை முடுக்கினாள், கதவு சறுக்கிக்கொண்டு இறங்கியது. மழை வெளியே நின்றது. அவள் அதை மடித்துத் திரிபுரசுந்தரியின் கையில் கொடுத்தாள், கேட்காமலேயே. "பாருங்கம்மா." அந்தக் கனம். சின்னதாக இருந்துகொண்டு அவ்வளவு கனம், பச்சைக் குழந்தையின் தலையை ஏந்துகிற மாதிரி கை தானாகக் குழிந்தது. குறடு, கத்தரி, அரம், ஸ்க்ரூடிரைவர், சின்னக் கத்தி, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் மடிந்து, ஒன்றை எடுத்தால் மற்றது இடிக்காமல். "மல்டி டூல்னு பேரு. இந்த மாடல் இங்க கிடைக்காது, வெளிநாட்டுலதான்" என்றாள். அவர் டி.டி.ஆரை அழைத்துக்கொண்டு வந்தபோது ஜன்னல் மூடியிருந்தது. "யார் மூடினா?" "தானா இறங்கிடுச்சுங்க." ஷூ போட்ட பெண் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தது கண்ணாடியில் தெரிந்தது. ஏன் அப்படிச் சொன்னோம் என்று திருச்சி வரும்வரை யோசித்தாள். அவருக்காகச் சொன்னதா, இல்லை, அந்தச் சாமானைப் பற்றி அவர் ஒரு அபிப்பிராயம் சொல்லிவிடுவதற்கு முன்னால் அதைப் பத்திரப்படுத்திக்கொண்டதா.

தெருவில் ஒரு பைக் வந்து நின்றது. முறம் சாய்ந்தது. பால்காரர், பக்கத்து வீட்டுக்கு. அவள் சிந்திய இலையைக் கூட்டி எடுத்துப் போட்டாள். நெஞ்சு இப்படியா அடித்துக்கொள்ளும், பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட இப்படி அடிக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து எதையாவது வரவழைக்க வேண்டுமென்றால் எல்லோருக்கும் ஒரு வழி இருக்கிறது, அங்கே யாராவது இருப்பார்கள். அவர்களுக்கும் இருக்கிறான், அவருடைய தங்கை மகன் ரகோத்தமன், வருஷத்துக்கு ஒரு தரம் சாக்லேட்டும் வாசனை சோப்புமாக வருகிறவன். அவனிடம் சொன்னால் போதும். சொன்னால் அவன் அவன் அம்மாவிடம் சொல்வான். அவள் போனில் சிரிப்பாள், "அண்ணிக்குக் கத்தி வேணுமாமே!" குடும்பம் முழுக்க ஒரு வருஷத்துக்குச் சிரிக்கும். பொருள் வந்து சேரும்போது அதன்மேல் எல்லாருடைய சிரிப்பும் ஒட்டிக்கொண்டு வரும். வேண்டாம். அவள் வேறு வழி தேடினாள், மத்தியானம் அவர் தூங்குகிற நேரத்தில், போனில், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு. அதைச் செய்கிற கம்பெனி இந்தியாவுக்கு அனுப்பாது, சரி. ஆனால் அங்கே அமெரிக்காவிலேயே நமக்கு ஒரு முகவரி கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த முகவரிக்கு வந்ததை வாங்கி வைத்திருந்து நமக்கு அனுப்பிவிடுவார்கள், அதுவே அவர்கள் தொழில். முதலில் நம்பவில்லை. முகவரி கொடுக்கிறார்களா, சும்மாவா? பெயரைக் கேட்டது. சுந்தரி என்று அடித்தாள். பிறகு அழித்துவிட்டு முழுசாக அடித்தாள், சான்றிதழில் இருக்கிற மாதிரி, ஒரு எழுத்து விடாமல். அடுத்த நிமிஷம் திரையில் வந்துவிட்டது. திரிபுரசுந்தரி, அறை எண் மாதிரி சூட் நம்பர் இன்னது, தெரு, டெலவேர், அமெரிக்கா.

அதை எத்தனை தடவை படித்திருப்பாள். அவளுக்கு இதுவரை வந்த எந்தக் கடிதத்திலும் அவள் பெயர் தனியாக நின்றதில்லை. அப்பா பெயரின் மேற்பார்வையில், பிறகு ஹாஸ்டல் வார்டனின் மேற்பார்வையில், பிறகு தணிகாசலம் ஃபிட்டர் ஆலைக் குவார்ட்டர்ஸ், அதற்குக் கீழே இருந்தால் அவள். இந்தக் காட்டூர் வீட்டு வாசலில் மாமியார் பெயர், கிரானைட்டில். மொட்டைமாடி டியூஷன் போர்டில் ஹிந்தி இருக்கிறது, போன் நம்பர் இருக்கிறது, ஆள் பெயர் இல்லை. குறையாக எடுத்துக்கொண்டதில்லை, யாரும் தடுக்கவும் இல்லை, அது அப்படித்தான் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் டெலவேரில் அவளுக்கு மேலே யாருமில்லை. மேப்பில் அந்த இடத்தைத் தேடி, மேலிருந்து பார்க்கிற படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய கூரை, நிற்கிற லாரிகள், கோடு போட்ட காலி இடம், ஓரத்தில் நாலைந்து மரம். அதற்கப்புறம் மத்தியானங்களில் அடிக்கடி அங்கே போய் வந்தாள். போய் வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கூரைக்குள் வரிசை வரிசையாக அலமாரிகள் இருக்கும், ஒரு தட்டில் அவள் பெயர் இருக்கும், வெளியே பனி கொட்டும், உள்ளே கதகதப்பாக இருக்கும். கம்பெனிக்குப் பணம் கட்டி அந்த முகவரியைக் கொடுத்திருந்தாள், ஒரு நாள் போனில் மெயில் வந்தது. உங்கள் முகவரிக்கு உங்கள் பொருள் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு படம், அட்டைப்பெட்டியின்மேல் அவள் பெயர். அனுப்பலாமா என்று கேட்டது, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அவள் அமுக்கவில்லை. இலவசமாக வைத்திருக்கிற கெடு இருந்தது, இருக்கட்டும் என்று விட்டாள். அமெரிக்காவில் எனக்கு ஒரு சாமான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வெங்காயம் நறுக்குவதும், கா-கே-கி சொல்லிக்கொடுப்பதும், அவருக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துவிடுவதும் வேறு மாதிரி இருந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது. கிரேஸ் டீச்சர்கூடக் கேட்டார், "என்ன சுந்தரி, மூட்டுவலி போயிருச்சா?" கெடு முடிகிற அன்றைக்குத்தான் மனசில்லாமல் அமுக்கினாள்.

அந்தக் கர்வத்துக்குத்தான் சுங்கத்தில் பிடித்துக்கொண்டார்கள் என்று அப்புறம் தோன்றியது. பொருள் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, இது என்ன, எதற்காக, விளக்கம் தரவும், அடையாள அட்டை இணைக்கவும்.  போனை எடுத்துக்கொண்டு பூஜையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதில் ஒரு கத்தி இருக்கிறதே. சுண்டுவிரல் நீளக் கத்திதான், ஆனால் கத்தி. தெருவில் ஜீப் வந்து நிற்கிற மாதிரி, "திரிபுரசுந்தரி யாரு?" என்று ஒரு தொப்பி உள்ளே வருகிற மாதிரி, அவர் ஒன்றும் புரியாமல் பனியனோடு நிற்கிற மாதிரி, கிரேஸ் டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி. நாளைக்கு டியூஷனுக்குப் பிள்ளைகளை எவர் அனுப்புவார்? வேண்டாம், அங்கேயே தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று எழுதிவிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது, அந்த வாக்கியத்தையும் கேட்க வேண்டியிருக்காது. எழுதக்கூட ஆரம்பித்தாள். விரல் நின்றது. இல்லை. என்னுடையது. ஏன் தூக்கிப் போட வேண்டும்? அழித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதினாள், எளிமையாக, பிழை இல்லாமல், இரண்டு தடவை படித்துப் பார்த்து. இதில் ஒரு குறடு, கத்தரி, ஸ்க்ரூடிரைவர், அரம், சிறிய கத்தி உள்ளன. பழுது பார்ப்பதற்கு. வீட்டு உபயோகத்துக்கு என்று போட்டாள். பார்த்தாள். வீட்டு என்பதை எடுத்துவிட்டுச் சொந்த உபயோகத்துக்கு என்று போட்டாள். அனுப்பினாள். பிறகு தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாசலில் நாய் குரைத்தால் ஜீப்தான். "உடம்புக்கு என்ன?" என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். ஒரு காலையில் செய்தி வந்தது, தீர்வை கட்டச் சொல்லி. கட்டினாள். விட்டுவிட்டார்கள். அவள் எழுதியதைப் படித்த ஒரு அதிகாரி, எங்கேயோ ஒரு மேஜையில், சொந்த உபயோகத்துக்கு என்பதைப் படித்து, சரி என்று தலையாட்டியிருக்கிறார். அந்த முகம் தெரியாத மனிதர்மேல் அவளுக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது.

"தணிகாசலம் சார் வீடுதானே?"

தெருவில் வீட்டை விசாரித்து வந்த கூரியர்க்காரர் வாசலில் நின்றார். அவள் வயதுதான் இருக்கும், கழுத்தில் துண்டு, கையில் பெட்டி. அவள் எழுந்தபோது மடியிலிருந்து இலை உதிர்ந்தது. அதற்குள் பின்கட்டிலிருந்து செருப்புச் சத்தம். அவர் வந்துவிட்டார், முழங்கைவரை கறுப்பாக.

"என்னப்பா? நான்தான் தணிகாசலம்."

"பார்சல் சார். அமெரிக்காலேருந்து." பெட்டி அவர் பக்கம் நீண்டது. அவர் கையும் நீண்டது. "ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க சார்."

"ஓ.டி.பி.யா? எனக்கு ஒண்ணும் வரலையே. ரகோத்தமன் எதையாச்சும் அனுப்பியிருக்கானா?"

"பேரு..." கூரியர்க்காரர் பெட்டியைத் திருப்பிப் பிடித்துப் படித்தார். "திரி... திரிபு..."

"திரிபுரசுந்தரி" என்றாள் அவள். "நான்தான்." காலைச் செய்தியோடு வந்திருந்த அந்த எண்ணை, போனைப் பார்க்காமலேயே சொன்னாள். பெட்டி திசை மாறி அவள் கைக்கு வந்தது. கையெழுத்துப் போட்டாள். ரேஷன் கார்டில் போடுகிற சுருக்கக் கையெழுத்து இல்லை, முழுசாக. கூரியர்க்காரர் பொறுமையாக நின்றார். "நல்ல பேருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூடத்தில் உட்கார்ந்து பிரித்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். சுங்கத்தில் ஏற்கெனவே பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டிய நாடா, நகத்தால் நெம்பினாள், வரவில்லை, மறுபடி நெம்பினாள். உள்ளே இல்லாவிட்டால்? எடுத்துவிட்டு ஒரு கல்லைப் போட்டிருந்தால்? காகிதம், காகிதத்துக்குள் காகிதம், ஒரு சின்னக் கறுப்பு டப்பா, அதற்குள் தோல் உறை, தோல் வாசனை. அதற்குள் இருந்து அது வழுக்கிக்கொண்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது. குளிர்ச்சியாக. ரயிலில் பிடித்ததைவிடக் கனமாக இருந்தது, தன்னுடையது என்பதால் இருக்கலாம். கட்டைவிரலால் தள்ளினாள். டக்.

இப்போது வரும். அந்த வாக்கியம் இப்போது வரும். அவள் தலை குனிந்தபடி காத்திருந்தாள். அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தாள், ஒன்றல்ல, ஏழெட்டு, மத்தியானங்களில் ஒத்திகை பார்த்தது. 

"யாரு குடுத்தா?" என்று கேட்டார்.

"வாங்கினேன்."

"எங்க?"

"அமெரிக்காலேருந்து."

"ரகோத்தமன் மூலமா?"

"இல்லங்க." அவள் நிமிர்ந்தாள். "அங்க எனக்கு ஒரு அட்ரஸ் இருக்கு."

அவர் அவளைப் பார்த்தார். அமெரிக்காவில் அட்ரஸ் எப்படி, எப்போது, எதற்கு என்று கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது.  அவர் கண் அவள் முகத்திலிருந்து இறங்கி அவள் கைக்குப் போயிற்று. அவள் கத்தரியை வெளியே எடுத்தாள், மடித்தாள். அரத்தை எடுத்தாள், மடித்தாள். சத்தம் சுத்தமாக இருந்தது, உராய்வே இல்லை. அந்தச் சத்தம் அவருக்குள் எங்கே போய் விழுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. முப்பத்தைந்து வருஷம் இரும்போடு இருந்தவர். ஒரு காலை மடித்து மெதுவாக அவளுக்கு எதிரில் குந்தினார், தலையைச் சாய்த்து அதன் மூட்டைப் பார்த்தார், ரிவெட் ஆணியைப் பார்த்தார், குறட்டின் இரண்டு வாயும் சேருகிற இடத்தில் வெளிச்சம் தெரிகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். தெரியவில்லை. "ச்" என்று ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. ஆலையில் ஜெர்மன்காரன் அனுப்பிய மெஷினைப் பற்றிச் சொல்லும்போது அவரிடமிருந்து வருகிற சத்தம் அது. பொட்டி நிறைய இருக்கே என்று அவர் சொல்லவில்லை. அவள் எதிர்பார்த்திருந்த இடத்தில் அந்த வாக்கியம் வராமலே போனது. இத்தனை வாரமும் தன் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தது இவரா, இல்லை, இவர் குரலில் தானேதானா என்று ஒரு கணம் திகைப்பாக இருந்தது.

"நல்ல பொருள்" என்றார். "ரொம்ப நல்ல பொருள். பாத்துத்தான் வாங்கியிருக்க." பிறகு கையை நீட்டினார். "குடு, பாக்கலாம்."

அவள் கொடுக்கத்தான் போனாள். கை பாதி தூரம் போய்விட்டது. அப்போதுதான் நீட்டியிருந்த கையைப் பார்த்தாள், விரல் இடுக்கெல்லாம் கிரீஸ், நகக்கண்ணில் கருமை.

"கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அவருக்கும் விழுந்தது. நீட்டிய கையைத் திருப்பிப் பார்த்தார், உள்ளங்கையை, புறங்கையை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பின்கட்டுக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, சோப்புப் போட்டுத் தேய்க்கிற சத்தம், மறுபடி தண்ணீர். அவர் இவ்வளவு நேரம் கை கழுவி அவள் கேட்டதில்லை. வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இரண்டு கையையும் முன்னும் பின்னும் அவளிடம் காட்டினார்.

"போதுமா?"

அவள் சிரித்துவிட்டாள். மடித்து, அவர் கையில் வைத்தாள். அவர் ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார்.

"பாத்துட்டுத் தந்துடறேன்" என்றார், அங்கிருந்தே.

"அவசரமில்லங்க" என்றாள் திரிபுரசுந்தரி, முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு. "நிதானமாப் பாருங்க."